கைமாறும் காரும் கைமாறும் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில் பழைய காரைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் குடும்பங்களில், வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பணத்தை விழுங்கும் பொருள் எது என்று எண்ணிப் பாருங்கள். புதிய கார் வாங்கும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. மாற்றல் உத்தரவு பெற்றுச் செல்பவர் விட்டுப்போகும் வண்டியையோ, ஓய்வு பெற்று ஊர் திரும்புபவர் விற்றுப்போகும் வண்டியையோ வாங்கித்தான் நம்மில் பலர் முதன்முதலாகக் கார் உடையவர் ஆகிறோம்.

இந்தக் கைமாற்றம் பல வேளைகளில் நம்மவர்க்குள்ளேயே நடக்கிறது. விற்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். பொங்கல் விழாப் பந்தியில் ஒன்றாக நின்று பரிமாறியவர்கள். ஆகவே, பணத்தைப் பெற்றுக்கொண்டு, சாவியைக் கொடுத்து, "காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பிரிந்துவிடுகிறோம். அந்தப் 'பிறகு' என்னும் ஒரு சொல் எத்தனை குடும்பங்களை வருத்தக்கூடியது என்பதை எடுத்துரைப்பதே இன்று என் முதல் நோக்கம். வாங்கிய காரை நம்பத்தக்க துணையாக வைத்துக்கொள்வது எப்படி என்பது இரண்டாவது நோக்கம்.

சிறிய கார் வந்த வரலாறு

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் உத்தரபாராவில் உருவான அம்பாசடர், பம்பாயில் உருவான ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே பெரும்பாலும் கண்ணில் படும். நடுத்தரக் குடும்பத்துக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும் அமைப்பு. இந்தச் சிறு வண்டிதான் இந்தியக் குடும்பத்தைக் காரில் ஏற்றி வைத்தது எனலாம். 1998-இல் நம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2000-இல் ஆல்ட்டோ வந்தது. மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. அம்பாசடரும் அதே ஆண்டில் நின்றது.

இவ்வகைச் சிறு கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. தானே கியர் மாற்றும் வசதி, 2014-க்குப் பின்னரே நம் நாட்டுச் சிறு கார்களில் மெல்லப் பரவியது. ஆகவே, குறைந்த விலையில் பழைய சிறு காரைத் தேடும் குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் வண்டியே. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அதன் கியர்ப் பெட்டி எளிய அமைப்புடையது. எந்தச் சிறு நகரத்து மெக்கானிக்கும் அதனை அறிவார். உதிரி உறுப்புகளின் விலையும் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் உதிரிகள் தாராளமாகக் கிடைக்கும் வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். உற்பத்தியை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் கார் மலிவாக வருகிறதென்றால், விலையைக் கேட்குமுன் உதிரிக் கடையை விசாரியுங்கள்.

சந்தையில் மாடு பிடிப்பது போல

நம் பாட்டனார் சந்தையில் மாடு பிடித்த முறையை நினைவுகூருங்கள். தரகன் எவ்வளவு புகழ்ந்தாலும் அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், அதன் பின்னரே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். காருக்கும் அந்த முறையே ஏற்றது.

முதலாவதாக, பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் சென்று பாருங்கள். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மற்றொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் உடனே கிளம்புகிறதா, புகை என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். கரும்புகை, பெட்ரோல் அளவுக்கு மீறி எரிவதைக் காட்டும்.

இரண்டாவதாக, மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதனைப் பின்னுக்குத் தள்ளும் கைவித்தை அறிந்தோர் உண்டு. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் காரில் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், கியர்த் தடியின் குமிழில் எண்கள் அழிந்திருந்தால், ஓட்டுநர் இருக்கை குழிந்திருந்தால், மீட்டர் சொல்வதை அந்த மூன்றும் மறுக்கின்றன. சர்வீஸ் செய்த ரசீதுகளை வரிசைப்படுத்திக் கேளுங்கள்.

மூன்றாவதாக, வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் குறித்து விழிப்பாயிருங்கள். 2005 ஜூலை 26-ஆம் நாள் மும்பையிலும், 2015 டிசம்பரில் சென்னையிலும் பெருவெள்ளம் வந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. வெள்ளம் வடிந்த பிறகு அத்தகைய வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டுத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. கால்விரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா, இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு ஏறியிருக்கிறதா, மூடி வைத்திருந்த காருக்குள் பூஞ்சை நாற்றம் வீசுகிறதா என்று பார்த்தால் உண்மை வெளிப்படும்.

நான்காவதாக, ஓட்டிப் பாருங்கள். உயர்ந்த கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால், எஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கரகரவென்று அரைத்தால் கியர்ப் பெட்டிக்குள் தேய்மானம் உண்டு. வெற்றுச் சாலையில் மெதுவாகப் பிரேக் பிடித்தால், கார் ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகு, உங்களுக்கு நம்பிக்கையுள்ள மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கூலி வீண் போவதில்லை.

காகிதமே உரிமை

இனி, நான் முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன். பணம் கைமாறினால் கார் கைமாறிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் தம் வண்டியை விற்றார். வாங்கியவர் பிறிதொருவருக்கு விற்றார். இப்படிப் பலர் கை மாறியும் பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவே இல்லை. 2009-இல் அவ்வண்டி விபத்துக்குள்ளாகி ஓர் உயிரைப் பறித்தது. இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதன்முதலில் விற்ற, பதிவேட்டில் பெயர் நிலைத்துவிட்ட அந்த மனிதரே பொறுப்பாளி என்று நீதிமன்றம் கூறியது. விபத்து நேர்ந்தபோது வண்டி எவர் கையில் இருந்தது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

இதனை நம் காலனியோடு பொருத்திப் பாருங்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் காரை இங்கு விற்றுவிட்டுத் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ சென்று, வைப்பு நிதியை நம்பி அமைதியாக வாழ்கிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், தாம் முகமறியாத ஒருவர் ஓட்டிய வண்டி மோதியதற்காக அவர் வாசலுக்கு நீதிமன்ற அழைப்பாணை வரக்கூடும். 'நம்மவர்தாமே' என்ற அன்பு அவருக்குச் செய்த நன்மை இதுதானா? ஆகவே, நம்மவருக்கு விற்கும்போது காகிதங்களை முன்னிலும் கண்டிப்பாக முடிப்பதே உண்மையான நட்பு என்பேன்.

செய்ய வேண்டியவை மிகச் சிலவே. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர், பதினான்கு நாட்களுக்குள் 29-ஆம் எண் படிவத்தின் வாயிலாகப் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் 30-ஆம் எண் படிவத்தில் அறிவிக்க வேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்குச் செல்வதாயின் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய காராக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவமும் வங்கியின் கடிதமும் கையில் வந்த பிறகே பணம் முழுவதையும் கொடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். கட்டாத அபராதங்கள் உண்டா என்பதை இணையத்திலேயே அறியலாம்.

காப்புறுதியை மறவாதீர்கள். வாங்கியவர் பதினான்கு நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கோராமல் இருந்ததற்காகக் கிடைத்த கட்டணச் சலுகை விற்றவருக்கு உரியது. அது காரோடு வருவதில்லை. வணிகரிடம் காரை ஒப்படைப்பவர்களும் விழிப்பாயிருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய கார் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்த செய்தியும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

ஊர் திரும்பும்போது காரையும் உடன் கொண்டு செல்ல விரும்புவோர், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அம்மாநிலத்தில் வைத்திருப்பதாயின் அங்கே மீண்டும் பதிவு செய்து சாலை வரி கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். அப்புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. அவற்றைப் பற்றிய நீதிமன்ற ஆணைகள் 2015 முதல் பலமுறை மாறியுள்ளமையால், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள ஆணையைக் கேட்டறிந்தே முடிவு செய்யுங்கள். பதினான்கு ஆண்டான காரை மலிவென்று வாங்குவோர், அதன் எஞ்சிய நாட்களுக்குத்தான் விலை கொடுக்கிறோம் என்பதை நினைவிற் கொள்ளட்டும்.

கிளட்சும் கியரும்

கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுபவரின் பழக்கமே வண்டியின் ஆயுள். கிளட்ச் என்பது எஞ்சினையும் சக்கரங்களையும் இணைத்தும் பிரித்தும் விடும் தேய்மான உறுப்பு. ஒரே மாதிரியான இரு கார்களில் ஒன்றின் கிளட்ச் ஓர் இலட்சம் கிலோமீட்டர் உழைக்க, மற்றொன்றின் கிளட்ச் அதில் பாதிக்கும் முன்பே தேய்ந்துவிடக்கூடும். காரணம் கால் பழக்கமே. கியர் மாற்றிய பின்னும் கிளட்ச் மிதியின் மேலேயே பாதத்தை வைத்திருப்பது முதல் தீங்கு. ஏற்றத்தில் வண்டி பின்வாங்காதபடி அரைக் கிளட்சில் நிறுத்தி வைப்பது இரண்டாவது தீங்கு. அதற்குக் கைப் பிரேக் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நெடுநேரம் நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றிக் கிளட்சை விட்டுவிடுங்கள்.

மலைப்பாதை இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டுவோர் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கும் சூடேறித் தளராது. ஓசூரிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறங்கியவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

இவ்வகை வண்டிக்கு ஒரு சிறப்பும் உண்டு. வடநாட்டுக் கடுங்குளிர்க் காலையில் பாட்டரி தளர்ந்து கார் கிளம்ப மறுத்தால், சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் நால்வரைத் தள்ளச் சொல்லி, வண்டி உருண்டதும் கிளட்சை விட்டால் பெரும்பாலும் எஞ்சின் உயிர்த்துவிடும். ஆயினும் பாட்டரியை அன்றே சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் அன்பை நாள்தோறும் சோதிப்பது முறையன்று!

பராமரிப்புக் குறிப்பேடு

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாம். காருக்கு இலட்சங்களைக் கொடுத்தவர் ஆயில் மாற்றச் சில ஆயிரம் தயங்குவதும் அப்படிப்பட்டதே. வாங்கிய உடனே, விற்றவர் என்ன சொன்னாலும், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றி, அந்த நாளையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை, குளிர்ந்த நிலையில் ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். டயரின் காற்றழுத்தத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையோ, எது முந்தி வருகிறதோ அப்போது எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு கூறினால் அதன்படி செய்யுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறினால் அவசர வேளையில் பிரேக் தளரும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நலம்.

சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் உண்டு, சிலவற்றில் சங்கிலி. பெல்ட் உடைய வண்டியாயின், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லாவிடில் உடனே மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வண்டி நட்ட நடுச்சாலையில் நின்றுவிடும். சில வகை எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்து பெருஞ்செலவு நேரும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டமையால், அதற்கு முன் காலத்து வடிவமைப்பில் வந்த கார்களில் எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

உயிர்க் காப்பு

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. தந்தைமார்களும் அவ்வாறே! 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான சிறு கார்கள் ஐந்தைக் காற்றுப் பை இல்லாத நிலையில் மோதிச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுநர்க்கான காற்றுப் பை 2019 ஜூலையிலும், முன்னிருக்கைப் பயணிக்கானது 2021 டிசம்பர் இறுதியிலுமே புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. ஆகவே, இரு கார்களின் விலை சிறிதே வேறுபட்டால், 2019-க்குப் பின் வந்ததையே தேர்ந்தெடுங்கள். இசைப் பெட்டியும் பளபளப்பும் பிறகு.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனை ஓட்டக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைந்திருந்தும் வயதான டயர் வெடிப்பதுண்டு. பின்னிருக்கையில் அமர்ந்தவரும் இடைவார் அணிய வேண்டும். கோடை விடுமுறையில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக ஊர் செல்ல விரும்பும் குடும்பங்கள், புறப்படும் நாளுக்கு முந்திய வாரத்திலேயே டயர், பிரேக், விசிறி பெல்ட், ஸ்டெப்னி ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, அவைத் தலைவர் அவர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது: நம் உறுப்பினர் இருவரிடையே கார் கைமாறும்போது, படிவங்களைச் சரிபார்த்துக் கொடுக்க அனுபவமுள்ள உறுப்பினர் இருவரைச் சங்கம் நியமிக்கட்டும். இரண்டாவது: காரை விற்கும் ஒவ்வொருவரும் தம் பராமரிப்புக் குறிப்பேட்டையும் சாவியோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை நாம் ஏற்படுத்துவோம். வண்டியின் குறையை மறைக்காமல் அதில் எழுதியவர் விலையில் சிறிது இழக்கலாம்; நம்மிடையே மதிப்பை இழக்கமாட்டார். மூன்றாவது: பெயர் மாற்றம் முடிந்த பிறகே விற்றவருக்கு வழியனுப்பு விழா நடத்துவோம். மாலையும் பொன்னாடையும் பெற்று ஊர் செல்பவர், கவலையையும் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுச் செல்லட்டும்.

நம்பத்தக்க பழைய கார் எங்கே கிடைக்கும் என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். முன்னவர் ஒழுங்காகப் பேணியிருக்க வேண்டும். காகிதங்கள் நேர்மையாக முடிந்திருக்க வேண்டும். வாங்கியவர் அப்பேணுதலைத் தொடர வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் அது கிடைக்கும். அவ்விடம் நம் காலனியாகவே இருக்கட்டும்.